கத்திப்பாராவில் இரண்டாம் சுற்று

முடிவு வந்துவிட்டது என்று
தில்ஷாத் அனுப்பிய செய்தி
ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு.
நான் அப்போது வடபழனியில்
பஞ்சர் கடை வாசலில்.
கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி
ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.
வட்டத்தில் எங்கே தொடங்கித் தேடுவது?
அவர் வால்விலிருந்து தொடங்கினார்.

மூன்று வருஷமாக எங்களுக்கும் இதே வேலை.
தரமணி, நான்காம் மாடி,
மைனஸ் எண்பதில் உறங்கும் சிறு குழாய்கள்.
அவற்றுள் வட்டமாகிப்போன ஆர்.என்.ஏ.,
வால் வளைந்து தலையைக் கவ்வித்
தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டது.

நான் படித்த பாடநூலில் அதற்குப் பக்கம் இல்லை.
புரதம் ஆவதெல்லாம் கம்பிபோல் நீண்டவை,
முன்னால் தொப்பி, பின்னால் வால்.
தொப்பியைப் பார்த்துத்தான் ரைபோசோம் ஏறும்,
எங்கள் வாசல் செக்யூரிட்டி செல்லக்கண்ணு
கழுத்து அட்டையைப் பார்த்தபிறகே
முகத்தைப் பார்ப்பதுபோல.
தொப்பியற்ற வட்டத்தைக்
குப்பை என்று எழுதிவைத்தார்கள்,
வெட்டி ஒட்டுகையில் கைதவறிச் சிந்தியது என்று.

ஆனால் அது சாகவில்லை.
நுனியிலிருந்து தின்னும் நொதியை ஊற்றினேன்.
நீண்டவை பெரும்பாலும் கரைந்தன.
வட்டத்திடம் வந்த நொதி
ரப்பர் பேண்டில் ஏறிய எறும்பு,
கடிக்க ஒரு முனை கிடைக்காமல்.
மறுநாளும் இருந்தது வட்டம்.
இத்தனை நாளாக இருக்கிறதே,
சும்மாவா இருக்கும்?
விஞ்ஞானக் கேள்வி அல்ல இது.
வேலை கிடைக்காத என் தம்பியைப் பற்றித்
தெருவே கேட்பது.

"காத்து நிக்குதும்மா" என்றார் கடைக்காரர்.
முனையே இல்லாத ஒன்றுக்குள்
நடுவில் ஒரு வாய் வழியாகக்
காற்று போய்க்கொண்டிருந்தது.
வட்டத்துக்கும் அப்படி ஒரு வாய் இருக்கலாம்,
மடிந்து மடிந்து ரைபோசோமுக்கு இடம்கொடுக்கும் மடிப்பு,
அல்லது ஓர் அடினின்மேல்
மெத்தில் வைத்த சின்னப் பொட்டு.
எண்பது ரூபாய் கொடுத்தேன்.

கத்திப்பாராவில் கிண்டி வளைவைத் தவறவிட்டேன்.
அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு,
மறுபடி அதே மெட்ரோ தூண்.
காலியாய் நின்ற விளம்பரத் தட்டியில்
முதல் சுற்றில் படித்தது
பலகை வாடகைக்கு.
இரண்டாம் சுற்றில்
பல கை வாடகைக்கு.
ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும்
நாங்கள் நால்வரும் நினைவுக்கு வந்தோம்,
எட்டுக் கைகள்.

மும்மூன்று எழுத்தாய்ப் படிக்கும் ரைபோசோம்.
மொத்தம் மூன்றால் வகுபட்டால்
சுற்றுக்குச் சுற்று அதே சொல்,
நிறுத்தக் குறி இல்லையென்றால் நில்லாத சொல்.
வகுபடாவிட்டால்
இரண்டாம் சுற்றில் கால் தள்ளி விழும்.
எழுத்து அதேதான்.
வேறு புரதம்.

லிஃப்ட் ஓடவில்லை.
தில்ஷாத் திரையைத் திருப்பிக் காட்டினாள்.
பதினோரு அமினோ அமிலம்,
ஆறு வட்டத்தின் வால்பக்கத்துடையவை,
ஐந்து தலைப்பக்கத்துடையவை.
நேராய்க் கிடந்திருந்தால்
ஒன்றை ஒன்று பார்த்தே இராதவை.
தமிழ் எடுக்க ஆசைப்பட்டு
வீட்டார் சொல்லி வேதியியல் எடுத்தவள் அவள்.
"அந்தாதி" என்றாள்,
"மண்டலிச்சிருக்கு பாரேன்."

கத்தவில்லை இருவரும்.
மூன்று ஓட்டத்தில் இரண்டில்தான் இருந்தது.
மூன்றாவதில்
வெறும் இரைச்சல், புல் முளைத்த தரைபோல.
"இருக்கு"ன்னு எழுதவா, "இருக்கலாம்"னா?
தில்ஷாத் பதில் சொல்லாமல்
கையுறை மாட்டினாள்.
பறக்கும் ரயிலின் கடைசி வண்டி
ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துப் போயிற்று.
நான்காம் குழாயைப் பனியிலிருந்து எடுத்து
உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.
விடிவதற்குள் வரவேண்டும்
இன்னொரு
முடிவு